கட்டைவிரலுக்கு அடியில்

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க சார், நான் உடனே நிறுத்திடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் நிலோஃபர் அருணகிரியின் வாய்க்குள் அந்தப் பச்சை ரப்பர் ஷீட்டை மாட்டினாள். மாட்டினதோடு சரி, அதற்கப்புறம் அவருக்குப் பேச்சு கிடையாது. மெடிக்கல் ரெப்பாக முப்பது வருஷத்துக்கு மேல் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மூன்று மாவட்டத்து டாக்டர்களிடமும் பேசிப் பேசியே பிழைத்த மனுஷன். அவரை ஒரு டாக்டர் மல்லாக்கக் கிடத்தி வாயைக் கட்டிப்போட்டது இதுதான் முதல் தடவை. கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. ஊசி போட்டதில் பாதி உதடும் பாதி நாக்கும் எங்கேயோ போய்விட்டன, மீதிப் பாதி அதைத் தேடிக்கொண்டிருந்தது. பல்லைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். டாக்டர் குனியும்போது அவள் தோள் அதை மறைத்துவிடும், நிமிரும்போது தெரியும். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னே. மூன்றரைக்குப் பங்குச் சந்தை மூடிவிடும். அதற்குள் வீட்டில் மனைவி திலகவதி அந்தப் பங்கை வாங்கியிருப்பாளா? வாங்கியிருக்க மாட்டாள். சொன்ன உடனே எதையும் செய்கிற பிறவியா அவள்? முருங்கைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்ப்பாள். மின்சாரக் கட்டணத்தைப் போன தடவைக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கட்டுவாள். தொலைபேசித் துறையில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள், எதிரே இருக்கிறவன் சொல்வது பாதிதான் நிஜம் என்ற எண்ணத்தோடேயே காதில் வாங்கிக்கொள்வாள். "நீயே போட்டுடு, நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதே" என்று படியிறங்கும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். "பாக்கலாம்" என்றாள். அவள் அகராதியில் பாக்கலாம் என்றால் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாய் கொர்ரென்று இழுத்தது. அசிஸ்டென்ட் பிலோமினா அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

வாங்கித் தொலைத்தால் என்ன? எவ்வளவு நன்றாகச் சொன்னார் காலையில். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, விருட்சினி பயோடெக்கின் ஆண்டறிக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு. பத்தே பத்துப் பங்கு வைத்திருக்கிறவனுக்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழ காகிதத்தில் அனுப்பி வைக்கிறார்கள். "இதுக்குப் பேரு ஏர்னிங்ஸ் யீல்ட், திலகா. பெரிய வித்தையெல்லாம் இல்ல. ஒரு பங்குக்குக் கம்பெனி சம்பாதிச்ச லாபத்த அந்தப் பங்கோட விலையால வகுக்கணும். விலை முந்நூறு, லாபம் முப்பத்தாறு. நூறு ரூபாய்க்குப் பன்னெண்டு. பேங்க்ல என்ன குடுக்கறான்? ஏழு." அவள் புளி கரைத்த கையோடு நின்றபடி கேட்டாள், "அந்தப் பன்னெண்டு நம்ம கைக்கு வருமா?" "கைக்கு வராது. கம்பெனிக்குள்ளேயே இருக்கும். ஆனா நம்மளோடதுதான்." "நம்மளோடது, ஆனா கைக்கு வராது" என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதில் கிண்டல் இருந்ததா இல்லையா என்பது இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவருக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டாள், "வருஷா வருஷம் இதே மாதிரி சம்பாதிக்குமா?" அதற்கு அவர் சொன்ன பதில் இருக்கிறதே, முப்பது வருஷ அனுபவம் பேசியது. "பயோடெக் கம்பெனி திலகா, கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறான். இனிமேதான் ஏறவே போகுது." இது பதிலா? இல்லை. ஆனால் பதில் மாதிரி இருந்தது. டாக்டர் நிலோஃபர் இப்போது வேறு ஒரு ஊசியை எடுத்தாள், மெல்லிசாக, மல்லிகை கட்டுகிற நார் போல. அதைப் பல்லுக்குள் விட்டுத் திருகினாள். வலி இல்லை, ஆனால் தாடைக்குள் யாரோ அலமாரியைத் துழாவுகிற உணர்ச்சி. எவ்வளவு பணம் என்பது முக்கியமில்லை, யாருடைய பணம் என்பதுதான். லால்குடியில் அவள் அப்பா விட்டுப்போன நிலம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தர மாட்டோம் என்று நின்று, கோர்ட்டுக்குப் போய், கடைசியில் விற்று அவள் பங்கைக் கொடுத்தார்கள். சம்பளத்தைத் தவிர அவள் பெயரில் வந்த ஒரே பணம். வரும் தை மாசத்துக்குப் பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று அதை நம்பித்தான் இருக்கிறாள். மாடிப்படியில் இப்போதெல்லாம் பக்கவாட்டில்தான் இறங்குகிறாள். பன்னிரண்டு சதவீதத்தில் போட்டால் இரண்டு முழங்காலையும் ராஜாத்தி மாதிரி செய்துகொள்ளலாமே என்று அவர் சொன்னார். அந்த ராஜாத்தி என்கிற வார்த்தைக்கு அவள் லேசாகச் சிரிக்கவும் சிரித்தாள்.

"இவரு என்னங்கறாரு தெரியுமா பிலோ?" என்றாள் டாக்டர், வாய்க்குள் பார்த்தபடியே. இவரு என்பது டாக்டருடைய கணவர், கிளினிக் வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறவர் போலிருக்கிறது. "புது நாற்காலி ஒண்ணு வாங்கிடலாங்கறாரு. போன மாச வருமானத்தப் பாத்துட்டு." பிலோமினா, "வாங்கலாமே டாக்டர்" என்றாள். "போம்மா. அது ஸ்கூல்ல பல் செக்கப் கேம்ப் போட்ட பணம். மாசா மாசம் கேம்ப் வருமா? அத எடுத்துட்டுப் பாருங்க, கரண்டு பில்லுக்கே சரியாப் போகும்னு சொன்னேன். முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டாரு." இரண்டு பேரும் சிரித்தார்கள். அருணகிரியும் சிரித்திருப்பார், உதடு இருந்திருந்தால். அத எடுத்துட்டுப் பாருங்க. நல்ல பேச்சு. விவரமான பெண். அத எடுத்துட்டுப் பாருங்க. எதை? முகத்துக்கு மேலே அந்த வட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணை மூடினாலும் ஒரு வெளிச்சப் பொட்டு நிற்கிறது. பொட்டு இல்லை, நட்சத்திரம். முப்பத்தாறு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தானே, அந்த எண்ணின் தோளில் ஒரு சின்ன நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே நட்சத்திரம் பக்கத்தின் அடியில் இடது மூலையில் இன்னொரு தடவை. அதையொட்டி எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி. ஒரு மருந்து மூலக்கூறின் உரிமத்தை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததில் ஒருமுறை கிடைத்த தொகை உட்பட. அவர் உடம்பு நாற்காலியில் ஒரு தடவை தூக்கிப் போட்டது. "வலிக்குதா சார்? கையைத் தூக்கலாமே" என்றாள் டாக்டர். தலையை ஆட்டினார், இல்லையென்று. எவ்வளவு தொகை? பின்னால் ஏதோ ஒரு பக்கத்தில் விவரம் இருந்தது. பங்குக்கு முப்பது. முப்பத்தாறில் முப்பது. அத எடுத்துட்டுப் பாருங்க. ஆறு. முந்நூறில் ஆறு. நூறுக்கு இரண்டு. பன்னிரண்டு இல்லை, இரண்டு. சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால்கூட அதைவிட வரும். இப்படி வகுக்கத் தெரியாதவரா அவர்? சரி, பதறாதே, யோசி. இந்த மாதிரிக் கம்பெனியில் இரண்டு என்பது கெட்ட எண் என்று சொல்லிவிட முடியாது. ஆராய்ச்சிக்கு அள்ளி இறைக்கிறவனுக்கு லாபம் குறைவாகத்தான் நிற்கும், சில வருஷம் நஷ்டம்கூட. அந்த ஆராய்ச்சி பலித்தால் பின்னால் கொட்டும், பலிக்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆக நல்ல கம்பெனிக்கு இந்தக் கணக்குச் சின்னதாகக் காட்டும், இருந்த நல்ல மருந்தை விற்றுவிட்டவனுக்குப் பெரிதாகக் காட்டும். விதை நெல்லை விற்றவன் வீட்டில் அந்த மாசம் கையில் காசு புரளத்தானே செய்யும்? திலகாவுக்கே பார், நிலம் விற்றதில் இந்த வருஷம் அவள் வருமானம் எங்கேயோ போய் நிற்கிறது. அடுத்த வருஷம் விற்பதற்கு அவளிடம் இன்னொரு நிலமா இருக்கிறது? இவ்வளவு சம்பாதிக்கிற பங்கு முந்நூறு ரூபாய்க்கு மலிவாகக் கிடக்கிறதே, ஊரில் எவனுக்கும் கண் இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மலிவும் இல்லை மண்ணும் இல்லை. மற்றவன் எல்லாம் அந்த நட்சத்திரத்தைப் படித்திருக்கிறான்.

அப்படியானால் திலகா ஏன் படிக்கவில்லை? ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிறவள். பக்கத்தைத்தான் அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாரே, ஒரு நிமிஷத்துக்கும் மேலே. பார்த்தாளே, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாளே. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நெஞ்சின் மேல் பிளாஸ்டிக் துணிக்கு அடியில் ஒரு வண்டு புரள்வது போல அதிர்ந்துவிட்டு நின்றது. அவளாகத்தான் இருக்கும். வாங்கட்டுமா என்று கேட்கிறாள். கேட்கிறாள் என்றால் இன்னும் வாங்கவில்லை. நல்லது, எடுக்காமல் இருந்தால் வாங்க மாட்டாள், வீட்டுக்குப் போய் மெதுவாக, வேறொரு கம்பெனி பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்ளலாம், கௌரவமாக. ஆனால் அவள் ஏன் படிக்கவில்லை? துணிக்கு அடியில் வயிற்றின் மேல் அவருடைய இரண்டு கையும் கிடந்தன. இடது கட்டைவிரல் தானாக அசைந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தார்கள், டாக்டரிடம் மருந்தை விளக்குகிற படப் பலகையை இடது கையால் கீழே பிடிக்க வேண்டும், வலது கையில் பேனா, பேனா முனை பெரிய எழுத்தின் மேல் போக வேண்டும், டாக்டரின் கண் பேனா போகிற இடத்துக்கெல்லாம் போகும். அடிக்குறிப்பை மறை என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் பலகையை அப்படிப் பிடித்தால் இடது கட்டைவிரல் போய் உட்காருகிற இடம் எது? கீழே, இடது மூலை, நட்சத்திரம் இருக்கிற இடம். எல்லா ரெப்புக்கும் தெரியும், யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். புதுக்கோட்டையில் வயசான டாக்டர் ஒருத்தர் மட்டும் ஒரு நாள் தன் விரலால் அவருடைய கட்டைவிரலைப் பொறுமையாகத் தூக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கீழே இருந்ததைப் படித்தார். "ஓஹோ, பதினோரே பேருக்குத்தான் குடுத்துப் பாத்திருக்கீங்க" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த டாக்டர் வீட்டுக்குள் நுழைவதற்குள் போய்விட்டது. இன்று காலை ஆண்டறிக்கையை அவர் எந்தக் கையால் பிடித்தார்? சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார், ஈரம் இருந்தது, வழவழ காகிதத்தில் விரல் பதிந்துவிடுமே என்றுகூட நினைத்தார். இடது கை. பழக்கம், அவ்வளவுதான், கை தன்பாட்டுக்குச் செய்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தது கையா? கண்தானே? படித்தார். பின்பக்க விவரத்தையும் படித்தார். படித்துவிட்டு, சரி இருக்கட்டும் என்று அடுத்த பக்கம் புரட்டினார். மறந்துவிட்டார். மறந்தாரா? மறந்த விஷயம் எப்படி ஒரு பல் டாக்டர் சிரித்ததும் எண்ணோடு ஞாபகம் வருகிறது? தெரிந்தேதான் மறைத்தாயா என்று யாராவது கேட்டால் இல்லையென்று சத்தியம் பண்ணுவார். தெரியவே தெரியாதா என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியாது. டாக்டர் நிமிர்ந்தாள், கடிகாரம் தெரிந்தது, மூன்று பத்து. மறுபடி குனிந்தாள். கையைத் தூக்கினால் போதும். தூக்கலாம். தூக்கி என்ன சொல்வது? தேக்கு மரத் திட்டத்தில் அவளுடைய வைப்பு நிதியைக் கொண்டுபோய்ப் போட்டாரே, கல்யாணமான புதிதில், அந்த ஆள் ஆபீசைப் பூட்டிக்கொண்டு ஓடினான் என்று வந்து சொன்னபோது அவள் திட்டவில்லை, அழவில்லை. "சரி" என்றாள். அடுத்த நாளிலிருந்துதான் முருங்கைக்காய், மின்சாரக் கட்டணம், எல்லாம். அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கும் என்பதுதான் இந்தக் கையைப் பிடித்து வைத்திருக்கிறது, வேறு எதுவும் இல்லை. பயம். அறுபது வயசில் பெண்டாட்டியின் ஒரு வார்த்தைக்குப் பயம். போன் மறுபடி அதிர்ந்தது. இரண்டாவது தடவை. ஒரு வேளை கேட்பதற்காக இல்லாமல், சொல்வதற்காக இருந்தால்? வாங்கிவிட்டேன் என்று சொல்வதற்காக? சீ, திலகாவா? வாங்க மாட்டாள். சந்தேகப் பிராணி. அவள் சந்தேகத்தை இத்தனை வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறார், இன்று அது ஒன்றுதான் துணை. வாங்க மாட்டாள், வாங்க மாட்டாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல நம்பிக்கை குறைந்துகொண்டே போயிற்று. ராஜாத்தி என்றதும் சிரித்தாளே.

இடது கை மேலே போனது. "வலிக்குதா?" என்று டாக்டர் உடனே நிறுத்தினாள். இல்லையென்று தலையாட்டிச் சட்டைப் பையைக் காட்டினார். "போனா சார்? இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்குங்க." கை இறங்கவில்லை. அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, "பிலோ, ஷீட்ட எடுத்துடு" என்றாள். எழுந்து உட்கார்ந்து, வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு, திலகவதியைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னங்க, முடிஞ்சுதா? ரெண்டு தடவ அடிச்சேன். வாங்கிட்டேன்."

"மொத்தமுமா?" என்றார். பாதி வாயில் அது வேறு யாரோ கேட்டது போலிருந்தது.

"மொத்தமும்தான். ரெண்டு மணிக்கே போட்டுட்டேன். நீங்க போனதுக்கப்புறம் உக்காந்து யோசிச்சேங்க. எத்தன வருஷத்துக்குத்தான் ஒவ்வொண்ணையும் நோண்டிக்கிட்டே இருக்கறது? உங்களுக்கும் எப்படி இருக்கும்? இந்த ஒரு தடவ ஒண்ணும் பாக்காம, அந்த மனுஷன் சொன்னபடி செஞ்சிடுவோம்னு போட்டேன். அந்தப் புஸ்தகத்தக் கூடத் திறக்கல, பாத்துக்குங்க." சிரித்தாள். அவளுக்கே தன்னை நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறது என்று தெரிந்தது. "ஏன் பேச மாட்டேங்கறீங்க? வாய் மரத்துப் போயிருக்கும். பேசாதீங்க, வச்சிடறேன். வந்து பேசிக்கலாம்."

வைக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அவளே வைக்கிறேன் என்கிறாள், வாயும் மரத்திருக்கிறது, இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. விலை ஏறவும் ஏறலாம், யார் கண்டது, அடுத்த மருந்து பலிக்கலாம். கடிகாரத்தில் மூன்று பதினாறு. "வச்சிடாத" என்றார். "வித்துடு. இப்பவே. மூணரைக்குள்ள."

"என்ன சொல்றீங்க?"

"அந்தப் பன்னெண்டு நெசமில்ல திலகா. அதுல பத்து ஒரே ஒரு தடவ வந்த காசு. ஒரு மருந்த வித்திருக்கான். இனிமே வராது. ரெண்டுதான். கீழ போட்டிருந்தான். நான் விரல வச்சிருந்தேன் அது மேல."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு கேட்டாள், "காலையில எங்கிட்ட சொல்லும்போது உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா?"

டாக்டரும் பிலோமினாவும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குள் எத்தனையோ பதில் வரிசையாக வந்து நின்றது. எல்லாம் பதில் மாதிரி இருந்தது.

"தெரியும்" என்றார்.

"சரி" என்றாள் திலகவதி. போனை வைத்துவிட்டாள்.

அவர் மறுபடி சாய்ந்து படுத்தார். ஷீட்டை மாட்டினார்கள், விளக்கை இழுத்து மேலே வைத்தார்கள், மெல்லிசு ஊசி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் பையில் போன் ஒரே ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க முடியாவிட்டாலும் என்ன வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். விற்றாயிற்று என்று ஒரு வார்த்தை, அதற்கு மேல் எழுதியிருக்க மாட்டாள். பணத்தில் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்காது, கமிஷன் போயிருக்கும், சில்லறை போயிருக்கும். முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்குப் பேங்கில் ஏழுக்குப் போட்டுவிடுவாள், ரசீதை இரண்டு தடவை படித்துவிட்டு. நல்லதுதான். நல்லதாகத்தான் முடிந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் வாங்கினாளே, அப்படி இன்னொரு தடவை எதையும் வாங்க மாட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்தது அது, இரண்டு மணியிலிருந்து மூன்றேகால் வரைக்கும் அவருடையதாக இருந்தது, அப்போது அவர் வாயைத் திறந்துகொண்டு இங்கே படுத்திருந்தார். கண்ணோரத்திலிருந்து வழிந்தது காதுக்குள் போனது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

டாக்டர் நிலோஃபர் ஊசியை அப்படியே நிறுத்தினாள். "என்ன சார் நீங்க, வலிச்சா கையைத் தூக்கணும்னு சொன்னேன்ல?"